வஞ்சிரம் கொஞ்ச நாள் பொறுக்கட்டும்

சின்னமனூர்

அன்பு மருமகள் வினோவுக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசப் பேச நீ "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ விரலால் தள்ளிக்கொண்டிருப்பாய். கடிதம் என்றால் தப்பிக்க முடியாது. காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து வாசி. கால் கொஞ்சம் வீங்குகிறதாமே, உங்கம்மா சொன்னாள்.

மசக்கை தெளிந்துவிட்டது, வாய்க்கு ருசி திரும்பிவிட்டது, ஞாயிறு தவறாமல் மாப்பிள்ளை காசிமேட்டுக்கே போய் வஞ்சிரம் வாங்கி வருகிறார், நீயும் வறுவலைத் தட்டில் விழ விழக் காலி செய்கிறாய் என்றெல்லாம் கேள்விப்பட்டேன். சந்தோஷம்தான். சின்னப் பிள்ளையில் யாராவது முள் எடுத்துக் கொடுத்தால்தான் மீனைத் தொடுவாய். ஒரு தடவை ஜிலேபிக் கெண்டை முள் தொண்டையில் குத்திவிட்டது என்று அழுது, வெறும் சோற்றை உருட்டி உருட்டி விழுங்க வைத்து, வீட்டையே ரெண்டாக்கிவிட்டு, கடைசியில் "முள்ளே இல்லை அத்தை, சும்மா சொன்னேன்" என்று சிரித்த கழுதைதானே நீ.

அந்த வஞ்சிரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மீனே தின்னாதே என்று சொல்லப்போவதில்லை, பயப்படாதே. எந்த மீன், எவ்வளவு என்பதுதான் விஷயம்.

மலைக்குள் உட்கார்ந்திருக்கிற கம்பம் பள்ளத்தாக்குக்காரிக்குக் கடல் மீனைப் பற்றி என்ன தெரியும் என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். சுற்றிலும் மலை இருந்தாலும் கடல் மீன் வராத வாரம் இங்கே கிடையாது. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து மதுரை வழியாக ஒரு வரத்து. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து இன்னொரு வரத்து. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அந்த 61 நாளிலும் இங்கே தெர்மாகோல் பெட்டி காலியாக இருந்து பார்த்ததில்லை.

உங்கம்மா மீன் வாங்குகிற அழகை நீ பார்த்திருக்கிறாய். செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். கண் குழி விழுந்திருந்தால் தள்ளிவிடுவாள். வயிற்றில் விரலை அமுக்கி எடுத்து, குழி நிற்கிறதா மேலே வருகிறதா என்று பார்ப்பாள். 2018 ஜூனில் கேரளாக்காரர்கள் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்று பெயர் வைத்துச் செக்போஸ்ட்டில் லாரிகளை நிறுத்தி, ஃபார்மலின் கலந்த மீனைப் பிடித்தார்கள் இல்லையா, அதற்குப் பிறகு மோந்து பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. எல்லாம் நல்ல பழக்கம்தான், நீயும் கற்றுக்கொள். ஆனால் அம்புட்டும் மீன் புதுசா, பழசா என்று தெரிந்துகொள்வதற்கு. துள்ளத் துடிக்கக் கரையில் இறக்கின மீனிலும் பாதரசம் இருக்கும். அதற்கு வாசம் கிடையாது, நிறம் கிடையாது, நாக்குக்கும் தெரியாது. மீன் உயிரோடு இருக்கும்போதே சதைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது அது. மஞ்சளும் உப்பும் போட்டு உரசினாலும் போகாது, தோலை உரித்தாலும் போகாது, எண்ணெயில் முறுகலாக வறுத்தாலும் போகாது.

பாதரசம் நமக்கு அயலூர்ச் சங்கதியும் இல்லை. பெரியகுளத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைதான் கொடைக்கானல். 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் ஆலையைக் கழற்றிக் கொண்டுவந்து அந்த மலையில் வைத்தார்கள். முதலில் பாண்ட்ஸ் கம்பெனி, பிறகு இந்துஸ்தான் லீவர். 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டின உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல் குவிந்து கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ்காரர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். அத்தோடு ஆலையை மூடினார்கள். 2003இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. கொடைக்கானல் ஆலையில் வேலை பார்த்த 591 பேருக்காகக் கம்பெனி ஓர் உடன்பாட்டுக்கு வர 2016 மார்ச் ஆகிவிட்டது. ஆலை மூடிப் பதினைந்து வருஷம், பார்த்துக்கோ.

இதில் மீன் எங்கே வந்தது என்கிறாயா? ஹைதராபாத்தில் இருக்கிற அணுசக்தித் துறை ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், சேறு, மீன் மூன்றையும் எடுத்துச் சோதித்தார்கள். மூன்றிலும் பாதரசம். 2006இல் கட்டுரையாகவே வந்துவிட்டது. ஆலை இருந்த சரிவு பாம்பார்ச் சோலைக்குள் இறங்குகிறது. அந்தப் பாம்பாறுதான் கீழே கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. நீ முழுப் பரீட்சை லீவில் உதடு நீலம் பூக்கிறவரை நின்று குளித்துவிட்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தாயே, அதே கும்பக்கரை.

நான் கெமிஸ்ட்ரி எடுத்த காலத்தில் ஆய்வகத்தில் தெர்மாமீட்டர் உடைந்தால் பிள்ளைகளுக்குத் திருவிழா. தரையில் ஓடுகிற வெள்ளிக் குண்டுகளை உள்ளங்கையில் வாங்கி, ஒன்றோடு ஒன்றை மோதவிட்டு விளையாடுவார்கள். நான் கத்துவேன். அந்தக் குண்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கிளம்புகிற ஆவிதான் கெடுதல். அதைவிட மோசம், அது குளத்துச் சேற்றிலோ கடல் அடியிலோ போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது. அங்கே இருக்கிற பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகிறது. இந்த மெத்தில் பாதரசம் குடலில் தங்குதடையில்லாமல் ஏறும், மூளைக்குப் போகும், நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும். தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடத் தொப்புள்கொடி ரத்தத்தில் அதிகமாகவே இருக்கும்.

கடலுக்கு அம்புட்டுப் பாதரசம் எங்கிருந்து வருகிறது? நிலக்கரியில் துளி இருக்கிறது, எரித்தால் புகையோடு ஏறி மழையோடு இறங்குகிறது. பல நாடுகளில் ஆற்றோரம் சின்ன அளவில் தங்கம் பிரிக்கிறவர்கள் பாதரசத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2015ஆம் வருஷம் மட்டும் மனுசர்கள் காற்றில் விட்ட பாதரசம் ஏறக்குறைய 2,220 டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கு. அத்தனையும் கடைசியில் ஏதோ ஒரு தண்ணீரில்தான் இறங்கியாக வேண்டும்.

கடலில் விழுந்தது கந்துவட்டி மாதிரி ஏறும். கண்ணுக்குத் தெரியாத பாசி துளியூண்டு எடுத்துக்கொள்ளும். அந்தப் பாசியை மேய்கிற நெத்திலி, சாளையில் கொஞ்சம் சேரும். நெத்திலிக் கூட்டத்தைத் துரத்தித் தின்கிற வஞ்சிரத்திலும் சூரையிலும் அதைவிட அதிகம். அவற்றையும் விழுங்கி வருஷக்கணக்கில் வாழ்கிற பெருஞ்சுறாவில் உச்சம். மீன் பெரிசாகப் பெரிசாக, வயசாக வயசாக, பாதரசமும் ஏறிக்கொண்டே போகும்.

1956 மே மாசம் ஜப்பானில் மினமாட்டா என்கிற கடற்கரை ஊரில் ஒரு புது நோய் வந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் அறிவித்தார்கள். அதற்கு முன்பே மீன் தின்ற பூனைகள் பித்துப் பிடித்துச் சுழன்று விழுந்து செத்துக்கொண்டிருந்தன. சிஸ்ஸோ என்கிற ரசாயன ஆலை குடாவில் விட்ட கழிவுதான் காரணம். அந்தக் கதையில் எனக்கு மறக்காத பகுதி ஒன்று உண்டு: பெரிய உபாதை எதுவும் தெரியாத தாய்மாருக்கும் கை கால் விளங்காத பிள்ளைகள் பிறந்தன. 2013இல் உலக நாடுகள் பாதரசத்தைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் போட்டபோது அந்த ஊர் பெயரையே வைத்தார்கள். நம்ம நாடும் 2018இல் சேர்ந்துகொண்டது.

மினமாட்டாவைச் சொன்னதும் நீ தட்டைத் தள்ளி வைத்துவிடக் கூடாது. அது ஆலைக் கழிவு நேராகக் கொட்டிய இடம். நீ காசிமேட்டில் வாங்குகிற மீன் அந்தக் கணக்கில் வராது. எனக்குப் பிடித்த ஆராய்ச்சி ரெண்டு இருக்கிறது, அதையும் கேள். வட அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவு. அங்கே கர்ப்பிணிகள் திமிங்கலக் கறி தின்பார்கள், அதில் பாதரசம் ஏகம். அந்தத் தாய்மார் பெற்ற பிள்ளைகளை ஏழு வயசில் சோதித்தபோது ஞாபகம், கவனம், பேச்சு இவற்றில் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். இந்தியப் பெருங்கடலில் சீஷெல்ஸ் தீவு. அங்கே தாய்மார் வாரத்துக்குப் பன்னிரண்டு வேளை கடல் மீன் தின்றவர்கள். அவர்கள் பிள்ளைகளிடம் அப்படிப் பெரிசாகக் குறை தெரியவில்லை. மீனில் இருக்கிற ஒமேகா-3 கொழுப்பு பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது. கர்ப்பிணிகள் பயந்துபோய் மீனை அடியோடு நிறுத்துவதும் நஷ்டம்தான் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு 2010இல் சொல்லிவிட்டது. அதனால் மீனைத் தின்னு, மீன் வகையை மாற்று.

அமெரிக்காவில் உணவுத் துறைக்காரர்கள் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு 225லிருந்து 340 கிராம் வரை, பாதரசம் குறைந்த மீன் தின்னலாம். நெத்திலியும் சாளையும் நல்ல பக்கத்தில் இருக்கின்றன. வேண்டாத பக்கத்தில் சுறா, வாள் மீன், பெரிய கண் சூரை, கிங் மேக்கரல். இந்தக் கிங் மேக்கரல் யார் தெரியுமா? நம்ம வஞ்சிரத்துக்குப் பங்காளி, ஒரே பேரினம். நம்ம கடல் வஞ்சிரத்தில் அதே அளவுதான் இருக்கும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் குணம் ஒன்றுதான், தீனி ஒன்றுதான். சின்ன மீனை வேட்டையாடி வளர்கிற சாதி. வாரம் தவறாமல் நீ தின்கிற பெரிய பெரிய துண்டு வேண்டாம். எப்போதாவது, விசேஷத்துக்கு, சின்ன வஞ்சிரமாக ஒரு துண்டு போதும். கல்யாண வீட்டில் வஞ்சிரம் போட்டால்தான் கௌரவம் என்று இப்போது ஆகிவிட்டது. கௌரவத்தைப் பிள்ளை தின்னப்போவதில்லை.

மாப்பிள்ளை ஜிம்முக்குப் போய்வந்து தினம் ஒரு சூரை டின்னை உடைக்கிறாராமே. டின்னில் வருகிற சூரையிலும் ரகம் உண்டு. சின்னச் சூரையில் குறைவு, பெரிய சூரையில் அதிகம். ஆம்பிளைதானே என்று விட்டாலும் தினம் வேண்டாம் என்று சொல்லு. புரதத்துக்கு முட்டை இருக்கிறது, சுண்டல் இருக்கிறது. முக்கியமாக அவர் டின்னில் பாதியை உன் தட்டுக்குத் தள்ளாமல் இருக்கட்டும்.

இனிமேல்தான் சங்கடமான பகுதி. உன் மாமியார் தூத்துக்குடிக்காரம்மா. பிள்ளை பெற்றதும் பால் ஊற, பால் சுறா வாங்கிப் புட்டுப் பண்ணித் தருவேன் என்று இப்போதே சொல்லிவிட்டாராம். அந்தம்மா கைப்பக்குவத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். துண்டை மஞ்சள் போட்டு வேகவைத்து, மணல்தோலை உரித்து, நடு எலும்பை உருவி, சதையை உதிர்த்து, ஒட்டத் தண்ணீரைப் பிழிந்து, பூண்டும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கின எண்ணெயில் பிரட்டி எடுத்தால் பூப்பூவாக நிற்கும். உன் சீமந்தம் பேசப் போனபோது நானே ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றேன். ஆனால் சுறாதான் அந்தக் கந்துவட்டியின் மேல்படி. பன்னாட்டு உணவுத் தரம் வகுக்கிற கோடெக்ஸ் குழு 2018இல் வரம்பு போட்டபோது, சூரைக்கு ஒரு கிலோவில் 1.2 மில்லிகிராம் மெத்தில் பாதரசம் வரை என்றது, சுறாவுக்கு 1.6. கூடுதல் இருக்கும் என்று தெரிந்தே கூடுதலாக விட்டிருக்கிறார்கள். குட்டிச் சுறாவில் குறைவுதான். ஆனால் தோல் உரித்த துண்டாகச் சந்தையில் வைத்திருக்கும்போது அது குட்டியா, கிழடா என்று யார் கண்டது? நீ தின்றது பாலிலும் கொஞ்சம் போகும்.

அந்தம்மாவிடம் "உங்க புட்டில் விஷம்" என்று போய் நின்றுவிடாதே. உன் வாய் எனக்குத் தெரியும். கடற்கரை ஊர்களிலேயே பிள்ளைத்தாய்ச்சிக்குக் காரல் மீனும் வைத்துக் கொடுப்பார்கள். உள்ளங்கை அகலத்தில் வெள்ளி மாதிரி மினுங்குமே, அதுதான். "அத்தே, எனக்குக் காரல் சொதி வச்சுத் தாங்க, உங்க கையால சாப்பிடணும்னு ஆசையா இருக்கு" என்று கேள். சின்ன மீன், பாதரசம் குறைவு, பழைய வைத்தியம், மாமியாருக்கும் மனசு குளிரும். கூடப் பூண்டும் உண்டு. சுறாப் புட்டை மாப்பிள்ளைக்குப் போடச் சொல்லு, வருஷத்துக்கு ஒரு தடவை அவர் தின்றால் ஒன்றும் ஆகாது.

நண்டு, கணவாய் விஷயத்தில் பாதரசத்தைவிட காட்மியம்தான் கவனிக்க வேண்டியது. ஐரோப்பாவுக்குப் போன நம்ம நாட்டுக் கணவாயில் காட்மியம் கூடுதல் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது பல முறை நடந்திருக்கிறது. நல்லவேளை, இது பாதரசம் மாதிரி சதை முழுக்கப் பரவி நிற்காது. ஈரல், குடல் பக்கம்தான் அதிகம் சேரும். அதனால் கணவாயை அவசரத்தில் கழுவாதே. தலையைப் பிடித்து இழுத்து, மைப்பையும் ஈரலும் கிழியாமல் மொத்தமாக வெளியே எடுத்து, உள்ளே விரலை விட்டுச் சுத்தமாக வழித்து அலசு. நண்டு ஓட்டுக்குள் இருக்கிற அந்த மஞ்சள் பசை உனக்கு உயிர் என்று தெரியும். சின்ன வயசில் உங்கப்பன் பங்கையும் நக்கியவள் நீ. பிள்ளை பெற்றுப் பால் மறக்கடிக்கிறவரை அதை உங்கப்பனுக்கே விட்டுக்கொடு.

மீனை விட்டுவிட்டு வேறு வழியில் பாதரசம் வீட்டுக்குள் வராமலும் பார்த்துக்கொள். 2023இல் கேரளாவில் மலப்புரம் பக்கம், பெயர் தெரியாத சிவப்பழகு கிரீமைப் பூசிச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கதையைப் பத்திரிகையில் வாசித்திருப்பாய். பிள்ளை சிவப்பாகப் பிறக்க அது இது என்று யாராவது கொடுத்தால் தூர எறி. லிங்கச் செந்தூரம் மாதிரி பாதரசச் சரக்கு சேர்ந்த மருந்துகளை யார் சொன்னாலும் டாக்டரம்மாவைக் கேட்காமல் வாயில் வைக்காதே. பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் இருந்தால் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு டிஜிட்டல் வாங்கு. பழையது உடைந்தே போனால் விளக்குமாற்றால் கூட்டாதே, சிதறிப் பரவும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து மூடி போட்ட பாட்டிலில் அடை. இதை நீ செய்ய வேண்டாம், மாப்பிள்ளை செய்யட்டும்.

வளைகாப்புக்கு நீ இங்கே வரும்போது அயிரை வாங்கி வைக்கிறேன். உயிரோடு வாளியில் நெளிகிற அயிரையாகத்தான் வாங்குவேன். கல்லுப்பைப் போட்டதும் துள்ளும். சொரசொரப்பான மண்சட்டியில் உரசி, வெள்ளை நுரை போகப் போகத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தலையைக் கிள்ளாமல் புளிக்குழம்பில் போட்டு, கொதி வந்ததும் இறக்கிவிடுவேன். சின்ன மீன்தான், ஆனாலும் சேற்றில் கிடக்கிற மீன். அதனால் எந்தக் கண்மாயில் பிடித்தது என்று கேட்டுத்தான் வாங்குவேன். ஊர்ச் சாக்கடை கலக்கிற கண்மாய் என்றால் வேண்டாம். நீயும் அங்கே மீன்காரம்மாவிடம் இந்தக் கேள்வியைப் பழகிக்கொள். என்ன மீன், எங்கே பிடித்தது, பெரிசிலிருந்து வெட்டின துண்டா, முழு மீனா. முதல் வாரம் முறைப்பார்கள். பிறகு உன்னைக் கண்டாலே அவர்களாகவே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

மெத்தில் பாதரசம் உடம்பிலிருந்து பாதியளவு இறங்கவே ஏறக்குறைய ரெண்டு மாசம் ஆகும். அதனால் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதே, இந்த வாரமே மாற்று. இதுவரை தின்றதை நினைத்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே; அதற்கு அவசியமில்லை.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது டாக்டரம்மா கேட்காவிட்டாலும் நீயே சொல்லு: வாரத்துக்கு எந்த மீன், எத்தனை துண்டு, டின் எத்தனை என்று. அவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்கிறபடி செய். அத்தை கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன்
அத்தை